சூடு தெரியாத கை

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. இன்னும் கொஞ்சம். ஆங், போதும். திண்டுக்கல்தானே? நானும் அங்கிட்டுத்தான். அப்படியே ஒரு உதவி. இந்தச் சட்டைப் பையில ரூவா இருக்கு, நீங்களே எடுத்து கண்டக்டர்கிட்ட குடுத்துருங்க. எனக்கு ஒரு கையில பை, ஒரு கையில கம்பி. விட்டா இவன் ஓட்டுற ஓட்டுக்கு முன் சீட்டு அம்மா மடியில போய் விழுவேன். பட்டனக் கழத்தணுமா? கழத்துங்க. இப்ப உள்ள டெய்லருக எங்க சட்டை தைக்கிறாய்ங்க? ஓட்டைய எறும்புப் பொந்து கணக்கா வச்சுட்டு, பட்டனப் பெருசா வச்சுப்புடுறாய்ங்க. மனுசன் போடவா கழத்தவா. எனக்கு எம் பொண்டாட்டிதான் காலையில போட்டு விடுவா. அவளுக்குத்தான் அதுக்கெல்லாம் பொறுமை.

நெத்தியில சந்தனத்தப் பாத்துட்டு, நல்ல காரியத்துக்குப் போயிட்டு வர்றாருன்னு நெனைச்சிருப்பீங்க. நல்ல காரியந்தான். காதுகுத்து. எங்கூடப் பொறந்த தங்கச்சி மகளுக்கு. நாந்தான் தாய்மாமன். அங்க கிடாக்கறி வெந்துக்கிட்டு இருக்கு, நான் ஒரு வாய் திங்காம பஸ் ஏறிட்டேன். தாய்மாமன் பட்டினியா எந்திரிச்சு வந்த காதுகுத்த எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா? கொட்டாம்பாறையில போய்க் கேளுங்க, இனி ஆயுசுக்கும் சொல்லுவாய்ங்க.

எல்லாம் அந்த ராசாங்கத்தால வந்தது. தங்கச்சி புருசன். மொறைக்கு மாப்ளைன்னு சொல்லணும். மாப்ளையாம் மாப்ளை! பெத்த மக காதுகுத்துக்கு ரெண்டு கையிலயும் கம்பளி உறைய மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறான் தம்பி. தை மாசக் குளிரு ஆகாதாம். வேட்டி சட்டை, மேல துண்டு, கையில கம்பளி. வெள்ளாமைக் காட்டுல நிக்கிற சோளக்கொல்லை பொம்மைகூட அவனவிட லட்சணமா இருக்கும்.

இருங்க, மொதல்ல நான் யாருன்னு சொல்லிடுறேன். நத்தம் பக்கம் கல்குவாரியில மேஸ்திரி. அழகுமலை மேஸ்திரின்னா அங்க பாறைக்கே தெரியும், மனுசனுக்குத் தெரியாம இருக்குமா? பாறையில வெடி வைக்கணும்னா மொதல்ல குழி போடணும்ல, அதுக்கு ஜாக்கி ஹேமர்னு ஒரு மெஷின் இருக்கு. கம்ப்ரசர் வண்டியில இருந்து குழாய் வழியா காத்து வரும். மெஷின் பாறையக் குத்தும். புடிச்சிருக்கவனையும் சேத்துத்தான் குத்தும். உள்ளங்கையில ஆரம்பிச்சு முழங்கை, தோளு, தாடை, பல்லு வரைக்கும் கிடுகிடுன்னு ஆடும். மொத நாள் புடிச்சவன் ராத்திரி சோத்துக்குக் கைய வச்சா சோறே ஆடுற மாதிரி இருக்கும். அதையெல்லாம் தாண்டி வந்தவந்தான் நான். மீசை மொளைக்கையில புடிச்சது. இப்ப மீசை நரைச்சுப் போச்சு. மெஷினு பத்து மாறிருச்சு, நான் மாறல.

எங்க குவாரியில ஒரு பழக்கம் உண்டு. புதுசா ஒருத்தன் வந்தா, காலையில பூரா மெஷினப் புடிக்க விட்டுட்டு, நிப்பாட்டுன அடுத்த நிமிசம் டீ டம்ளர அவன் கையில குடுப்போம். விளிம்பு தளும்ப ஊத்தி, கொதிக்கக் கொதிக்க. கை ஆடி சிந்துனாலும் போச்சு, சூடு தாங்காம கீழ வச்சாலும் போச்சு. "பால் கைடா உனக்கு, போயி பாப்பாவுக்குத் தொட்டில் ஆட்டு"ன்னு ஆளாளுக்கு ஏறுவாய்ங்க. என்னைய மாதிரி புடிக்கிறவன் இன்னைக்கும் கெடையாது. அடுப்புல இருந்து எறக்குன டம்ளர அப்படியே புடிப்பேன். ஒண்ணும் தெரியாது. சூடுங்கிறதே தெரியாது எனக்கு. பீடி எரிஞ்சு வெரல்ல வந்து நிக்கும், கருகுற வாசம் வந்த பொறகுதான் கீழ போடுவேன். அவ்வளவு உரம் ஏறுன கை. இப்பல்லாம் அரை டம்ளர்தான் குடிக்கிறேன். சுகர் வந்துரும்னு எம் பொண்டாட்டி பயப்படுறா, அதுக்காக. சிந்தும்னு இல்ல.

இந்தக் கையிலதான் அந்த ராசாங்கத்துக்குத் தொழில் கத்துக் குடுத்தேன். தங்கச்சியக் கட்டிக்கிட்டவன், நாலு காசு பாக்கட்டும்னு நாந்தான் கூட்டிட்டுப் போனேன். மொத நாளே சொன்னேன், "மாப்ளை, இறுக்கிப் புடிக்கணும். புள்ளையத் தூக்குற மாதிரி புடிக்கக் கூடாது, எதிராளி கழுத்தப் புடிக்கிற மாதிரி புடிக்கணும்"னு. நல்லாத்தான் புடிச்சான். பொய் சொல்லக் கூடாது, வேலைக்காரந்தான். சில வருசம் நல்லாத்தான் ஓடுச்சு.

அப்பறம் ஒரு மார்கழி. காலையில பனி எறங்கிக் கெடக்கு, கம்ப்ரசர இன்னும் போடல. இவன் ஓடியாறான், "மச்சான் மச்சான், கையப் பாருங்க"ன்னு. பாத்தா நாலு வெரலு வெள்ளையா இருக்கு, மெழுகுவத்தி மாதிரி. ரெண்டாவது கணு வரைக்கும் கோடு போட்ட மாதிரி வெள்ளை. அதுக்கு மேல சாதாரணமா இருக்கு. நான் சிரிச்சேன். "சுண்ணாம்பு டப்பாவுல கைய விட்டியாடா?"ன்னேன். எல்லாரும் சிரிச்சாய்ங்க. அவன் சிரிக்கல. கொஞ்ச நேரத்துல வெள்ளை போயி நீலமாச்சு, அப்பறம் செக்கச் செவேல்னு ஆயி, எரியுது எரியுதுன்னு உதறிக்கிட்டு நின்னான். ஆம்பளையா இவன்? மார்கழியில வெரலு வெளுக்கத்தான் செய்யும். எனக்குந்தான் வெளுக்குது. ஊருக்கே வெளுக்கும். குளிருன்னா என்ன, கோடையா?

அதோட விட்டானா? மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனான். ஏதோ மாரடைப்பு வந்தவன் மாதிரி. அங்க ஒரு டாக்டரம்மா. கைய ஐஸ் தண்ணியில முக்கச் சொல்லிருக்கு, எவ்வளவு நேரத்துல நெறம் திரும்புதுன்னு பாத்திருக்கு. அப்பறம் கண்ண மூடச் சொல்லிட்டு வெரல் நுனிய ஊசியால தொட்டிருக்கு. இவன் என்ன கேட்டிருக்கான் தெரியுமா? "தொட்டாச்சா டாக்டர்?"னு கேட்டிருக்கான்! அந்தம்மா குத்தி எடுத்து ஊசியத் தூரப் போட்டாச்சாம், இவன் இன்னும் "தொட்டாச்சா?"ன்னு உக்காந்திருக்கான். இத அவனே டீக்கொட்டகையில வந்து சொன்னான் தம்பி. வெக்கமில்லாம. அன்னையில இருந்து அவனுக்குப் பேரு என்ன? 'தொட்டாச்சா'. நாந்தான் வச்சேன். டம்ளரக் குடுக்கும்போதெல்லாம், "தொட்டாச்சா, டீய வாங்கிட்டியா, இல்ல இன்னும் வாங்கலையா?"ன்னு கேப்போம். வயிறு வலிக்கச் சிரிப்பாய்ங்க.

அந்தம்மா சொல்லுச்சாம், மெஷின் ஆடுற ஆட்டத்துல வெரலுக்குப் போற ரத்தக் குழாயெல்லாம் சுருங்கிப் போகுமாம். நரம்பு செத்துப் போகுமாம். செத்த நரம்பு திரும்பி வராதாம், இப்பவே நிப்பாட்டுனா மிச்சம் இருக்கறதாவது தங்குமாம். பீடி குடிக்கக் கூடாதாம், கைய கதகதன்னு வச்சுக்கணுமாம். மெஷினத் தொடர்ந்து புடிக்காம ஆளு மாத்தி ஆளு புடிக்கணுமாம். அப்பறம் ஒண்ணு சொன்னான் பாருங்க, அதுதான் உச்சம். இறுக்கிப் புடிக்கக் கூடாதாம்! இறுக்கிப் புடிக்கப் புடிக்க ஆட்டம் பூரா கைக்குள்ள ஏறுமாம். தளத்திப் புடிக்கணுமாம். அந்தம்மாள ஒரு நாள் எங்க குழிக்கு வரச் சொல்லுங்க, தளத்திப் புடிச்சுக் காட்டட்டும், மெஷின் எங்க போகுது, அந்தம்மா எங்க போகுதுன்னு பாப்போம்.

ஆட்டத்துல நரம்பு சாகும்னா இந்த பஸ்சு டிரைவர் இந்நேரம் செத்திருக்கணும்ல? இந்தக் கம்பி எப்படி ஆடுது பாருங்க. உங்களுக்குக் கூசுதா? எனக்கு ஒண்ணும் தெரியல.

இவன் பேச்சக் கேட்டு மத்த பயலுகளும் ஆரம்பிச்சாய்ங்க. "மேஸ்திரி, எனக்கும் ராத்திரியில கை மரத்துப் போகுது." "மேஸ்திரி, எனக்கும் சாவி கையில நிக்க மாட்டேங்குது." ஆளு மாத்தி விடுங்கன்னு கேக்குறாய்ங்க. மொதலாளி என்னையக் கூப்பிட்டு, "அழகுமலை, உன் வீட்டு ஆளே கலகம் பண்றான்"னு கேட்டாரு. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னேன். மறுநாள் எல்லாத்தையும் நிக்க வச்சு நானே காலையில இருந்து உச்சிப் பொழுது வரைக்கும் மெஷின விடாமப் புடிச்சுக் காட்டுனேன். "பாத்துக்கங்கடா, கைக்கு என்ன ஆச்சு?"ன்னேன். ராசாங்கம் மட்டும் பக்கத்துல வந்து மெதுவா, "மச்சான், கையத் தொறந்து மூடுங்க பாப்போம்"ங்கிறான். போடா வெங்காயம்னேன். அன்னைக்கே கணக்க முடிச்சுட்டுப் போயிட்டான். இப்ப என்ன பண்றான் தெரியுமா? பால் சொசைட்டியில கேனு கழுவுறான். சுடுதண்ணியில. கைக்கு இதமா இருக்காம்! பாறைய ஒடச்சவன் பால் கேனு கழுவுறான், அதுல ஒரு பவுசு வேற.

அதுக்கப்பறம் அவன் வீட்டுப் பக்கம் நான் போகல. பேச்சு வார்த்தை கெடையாது. ஆனா எந்தங்கச்சி பொன்னழகி இருக்காளே, அவள எப்படி விட முடியும்? ஆத்தா அப்பன் போன பொறகு நான் வளத்த புள்ள. கலியாணமாகி வருசக்கணக்கா மடி நெறையல. எனக்கும் புள்ள குட்டி இல்ல. ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஒரே ஒரு புள்ள, போன வருசந்தான் பொறந்தா. பேரு தன்விகாவாம். வாயில நொழையுதா? பொன்னழகி தூக்கிட்டு வரையில நான் சின்னாத்தான்னு கூப்பிடுவேன், எங்க ஆத்தா பேரு. அதுக்கும் சிரிப்பா. ரெண்டு பல்லு மொளைச்சிருக்கு. ஆள் பாக்காமச் சிரிப்பா.

போன மாசம் பொன்னழகி வெத்தல பாக்கோட வாசல்ல வந்து நிக்கிறா. "அண்ணே, நீ வராம எம்புள்ளைக்குக் காது குத்த மாட்டேன். உம் மடியிலதான் வச்சுக் குத்தணும்"னு அழுகுறா. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு, சொல்லுறதுக்கென்ன. எல்லாக் கோவத்தையும் ஒதுக்கி வச்சுட்டுச் சரின்னேன். கம்மலு நாந்தான் செஞ்சேன். பத்தர்கிட்ட சொல்லி, ஆறு இதழு வச்ச பூ, நடுவுல செவப்புக் கல்லு. காம்பு கூரா, அப்படியே குத்தி மாட்டுற மாதிரி. பச்சப்புள்ள காதுக்கு ஏத்த அளவுல ஒரு சோடி. கிடா ஒண்ணு, வாழைத்தாரு, பட்டுப் பாவாடை, தட்டு வரிசை, மேளம், வேட்டு. கொட்டாம்பாறை கண்டதில்ல அப்படியொரு சீரு.

கோயில் வாசல்ல எறங்குன ஒடனே மொறைப் பொண்டுக சுத்திக்கிட்டாளுக. மூஞ்சி, கழுத்து, கை எல்லாம் சந்தனத்தையும் குங்குமத்தையும் கொழச்சு அப்பிட்டாளுக. தாய்மாமனுக்கு நடக்கற மரியாதை. சரி, அப்பட்டும்னு நின்னேன்.

இங்கதான் ஆரம்பிச்சுது. பொன்னழகி ஓரமாக் கூப்பிட்டு, "அண்ணே, பாப்பாவக் கொஞ்சம் மெதுவாப் புடிண்ணே"ங்கிறா. என்னைய! அவள இடுப்புல தூக்கி வளத்தவன் நான். யாரு சொல்லிக் குடுத்த பேச்சு இது? அதுக்குள்ள அவன் வர்றான், கம்பளிக் கையோட. "மச்சான், நீங்க மடியில வச்சுக்கங்க. புள்ள கைய மட்டும் நான் புடிச்சுக்கறேன். தப்பா நெனைக்காதீங்க"ன்னான். எப்படி இருக்கு கதை? மடி என்னுது, கை அவனுதா? ரெண்டு பேரும் சேந்து புடிக்க அவ என்ன ஏணியா? "மாப்ளை, உங்க கை பால் கேனுக்கு இருக்கட்டும், புள்ளைய நான் பாத்துக்கறேன்"னேன். கூட்டம் சிரிச்சுச்சு. அவன் ஒதுங்கி நின்னுக்கிட்டான்.

புள்ளைய மடியில வச்சாளுக. தம்பி, அந்த நேரம் எனக்கு எப்படி இருந்துச்சுங்கிறீங்க! அழுகலை அவ. என்னையவே அண்ணாந்து பாக்குறா. பொம்பளைக எல்லாம், "மாமன் வெரலப் புடிச்சுக்கிட்டா பாருங்கடி, விட மாட்டேங்குறா"ன்னு சிரிக்கிறாளுக. நான் குனிஞ்சு பாத்தேன். ஆமா, புடிச்சிருந்தா. என் ஆள்காட்டி வெரல மொத்தமா புடிச்சிருந்தா. பாத்த பொறகுதான் தெரிஞ்சுது. அந்த மேளச் சத்தத்துல எப்படித் தெரியும் சொல்லுங்க?

எங்க பக்கம் ஒரு மொறை. கம்மல தட்டுல பச்சரிசி மேல வச்சிருப்பாய்ங்க. தாய்மாமன் கையால எடுத்துப் பத்தர் கையில குடுக்கணும், அதுக்கப்பறந்தான் குத்துவாரு. மொதக் கம்மல எடுக்கப் போனேன். அரிசிக்குள்ள வழுக்குது. ரெண்டு தடவை அரிசிதான் வருது, கம்மல் வரல. பத்தருக்கு அறிவு வேணாம்? அம்புட்டு சின்னதாவா செய்யிறது? ராசாங்கம் குனிஞ்சு, "நான் எடுத்துத் தரவா மச்சான்?"ங்கிறான். தள்ளுடான்னு எப்படியோ எடுத்துக் குடுத்துட்டேன். வலது காதுல குத்தியாச்சு. புள்ள கத்துறா. அது எல்லாப் புள்ளையும் கத்துறதுதான்.

ரெண்டாவதுக்கு நான் சிக்குவேனா? வெரலால நோண்டாம, அரிசியோட சேத்து ஒரு புடியா அள்ளிட்டேன். அள்ளி, பத்தர் பக்கம் கைய நீட்டிக் குடுத்துட்டேன். குடுத்துட்டேன் தம்பி. எனக்கு நல்லாத் தெரியும், கையில ஒண்ணுமே இல்ல, அப்பன்னா குடுத்தாச்சுன்னுதானே அர்த்தம்? அந்த நேரம் பாத்துப் புள்ள ஒரு துள்ளு துள்ளுனா, மடியில இருந்து நழுவிட்டா. நான் டக்குன்னு அவ கையப் புடிச்சுக்கிட்டேன். புடிக்காட்டி கல்லுத்தரையில விழுந்து மண்டை போயிருக்கும்ல? புடிச்சேன். வீல்னு கத்துனா. கத்தி, மூச்சு நின்னு, வாயத் தொறந்தபடி சத்தமே வராமக் கெடக்கா. சுத்தி நின்னவய்ங்க, "விடுண்ணே, விடு, விடு"ங்கிறாய்ங்க. எதுக்கு விடணும்? நான் லேசாத்தான் புடிச்சிருக்கேன். சும்மா தொட்ட மாதிரிதான் புடிச்சிருக்கேன்.

அதுக்குள்ள அந்தக் கம்பளிக்காரன் உறையக் கழத்தி வீசிட்டு வந்து என் வெரல ஒவ்வொண்ணாப் பிரிக்கிறான். நாலு பேரு பாக்க. சாவி போட்டுப் பூட்டத் தொறக்குற மாதிரி, ஒண்ணு ஒண்ணா. பிரிச்சுப் புள்ளையத் தூக்கி அவ ஆத்தா கையில குடுத்துட்டான். தாய்மாமன் மடியில இருந்து, பாதிக் காதுகுத்துல, புள்ளைய உருவிட்டான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்பத்தான் பத்தர் கேக்குறாரு, "இன்னொரு கம்மல் எங்க?"ன்னு. உங்ககிட்டதான குடுத்தேன்னேன். இல்லைங்கிறாரு. தேடுறாய்ங்க. அரிசியப் பொடைக்கிறாய்ங்க, சமுக்காளத்த உதறுறாய்ங்க, மண்ணக் கூட்டி அள்ளிச் சலிக்கிறாய்ங்க, மேளக்காரரு துண்டக்கூட உதறிக் காட்டுனாரு பாவம். எவனோ ஒருத்தன், "மேஸ்திரி, உங்க கையில இருக்கா பாருங்க"ன்னான். இந்தா பாருடான்னு அவன் மூஞ்சிக்கு நேரா ரெண்டு கையையும் உதறுனேன். நாலு அரிசி விழுந்துச்சு. அவ்வளவுதான்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். என் கையப் பிரிச்சவன் யாரு? அவந்தானே? அப்ப எங்க போயிருக்கும்? கேட்டேன். சபையில வச்சே கேட்டேன். "வெளுத்த வெரலுக்குத் தங்கம் கேக்குதோ? பால் காசு பத்தலையா மாப்ளை? களவாணிப் பயலே, எடுடா கம்மல"ன்னேன். அவன் வேட்டி மடியத் தொறந்து காட்டுனான், சட்டைப் பையத் திருப்பிக் காட்டுனான், அந்தக் கம்பளி உறையக்கூட உள்வெளியாத் திருப்பிக் காட்டுனான். பெரிய உத்தமன். அப்பறம், "மச்சான், அது கெடக்கட்டும். புள்ள கையப் பாருங்க"ன்னான்.

பாத்தேன். மேல் கையில செவப்பாத் தடம் நாலு இருந்துச்சு. பச்சை ஒடம்பு, காத்து பட்டாலே தடம் விழும். அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு, சின்னதா, வட்டமா. பொன்னழகி அழுதுக்கிட்டே, "பூ மாதிரிப் பதிஞ்சிருக்குண்ணே, என்னண்ணே இது"ங்கிறா. பூவாவது மண்ணாவது, ஏதாச்சும் பூச்சி கடிச்சிருக்கும், கோயில் மரத்தடியில கெடக்காத பூச்சியா? அதுக்கும் நாந்தான் பொறுப்பா?

துண்ட உதறிப் போட்டு எந்திரிச்சேன். "உங்க வீட்டு வாசப்படிய இனி மிதிச்சா நான் எங்காத்தாவுக்குப் பொறக்கல"ன்னு சொல்லிட்டு நடந்தேன். பஸ் ஸ்டாப்பு வரைக்கும் பின்னாடியே ஓடியாந்தா பொன்னழகி. "அண்ணே, புள்ள ஒத்தக் காதோட நிக்கிறா அண்ணே. அவரு எடுக்கலண்ணே, எம்புள்ள மேல சத்தியம்ணே"ங்கிறா. நான் திரும்பிப் பாக்கல. பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்.

இந்தா, அடிக்குது பாருங்க போனு. அவதான். ஏறுனதுல இருந்து அடிக்கிறா. எடுக்க மாட்டேன். இத அமத்தலாம்னா இந்த டச்சு போன் எளவு, நான் தொட்டா ஒண்ணும் ஆகாது. என் வெரல அது மதிக்காது. அடிச்சுட்டு அதுவா ஓயட்டும்.

என் கைமேல பழி தம்பி. அதுதான் எனக்கு ஆறல. என் கை சரியில்லையாம், எனக்குப் புடிமானம் தெரியலையாம். பஸ் ஸ்டாப்புல வச்சு அவளே சொல்றா, "அண்ணே, அவருக்கு வந்ததுதாண்ணே உனக்கும் வந்திருக்கு, ஒரு தடவை அந்த டாக்டரம்மாவப் பாருண்ணே"ன்னு. எனக்கா? இந்தக் கைக்கா? நீங்களே பாருங்க தம்பி, நீங்க படிச்ச புள்ள மாதிரி இருக்கீங்க. இந்தா, கம்பிய விட்டுட்டேன். இந்த உள்ளங்கையப் பாருங்க. எப்படிக் காச்சுப் போயிருக்கு. கல்லு, தம்பி, கல்லு. இதப் பாத்தா நரம்பு செத்த கை மாதிரியா இருக்கு?

என்ன, அப்படிப் பாக்குறீங்க?

குங்குமந்தான் அது. பொம்பளைக அப்புனது. காஞ்சு போச்சு.

ரத்தமா? எங்க இருந்து ரத்தம் வரும்? கம்பியில எதுவும்...

கல்லு மின்னுதா? எங்க?

இருங்க. கிட்டக் கொண்டு வர்றேன். வெளிச்சத்துல...

அட.

இது எப்படி... எப்ப... நான் குடுத்தேனே தம்பி. கையில ஒண்ணுமே இல்லையே. அம்புட்டு நேரம் பை தூக்கிருக்கேன், கம்பி புடிச்சிருக்கேன், இது உள்ள ஏறிக் கெடந்திருந்தா எனக்குத் தெரியாதா? காம்பு பூரா உள்ள போயிருச்சே. பூ மட்டுந்தான வெளிய நிக்குது. ஆறு இதழு...

இத வச்சுக்கிட்டா புள்ளையப் புடிச்சேன். இத உள்ளங்கையில வச்சுக்கிட்டா அந்தப் பச்ச மண்ண...

அவனக் களவாணின்னேனே தம்பி. அத்தன பேரு முன்னாடி. பையத் திருப்பிக் காட்டுனானே.

வரலையே. என் வெரலுக்குச் சிக்கல. நகம் எங்க படுது, கம்மல் எங்க இருக்குன்னே தெரியல. இந்தக் கையும் அப்படித்தான் கெடக்கு. நீங்க எடுங்க தம்பி. உங்க வெரலு நல்லாருக்கும்ல, நீங்க எடுங்க. கண்டக்டர் தம்பி! அடுத்த ஸ்டாப்புல ஆளு எறங்கணும். ஆமா, டிக்கெட்டு திண்டுக்கல்லுக்குத்தான், இருக்கட்டும், நான் எறங்கித் திரும்பிப் போகணும்.

போனு அடிச்சா அடிக்கட்டும், மொதல்ல இத எடுங்க. யோசிக்காதீங்க, வலிக்காது. எனக்கு வலிக்காது. நான் அந்தப் பக்கம் சன்னல்ல பாத்துக்கறேன், இதப் பாக்க முடியல என்னால. ம், புடிச்சு இழுங்க.

என்ன தம்பி, இன்னும் ஆரம்பிக்கலையா?

எடுத்தாச்சா?